ஆடிக்கு முன் வந்த வண்டி

பதினொரு வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த ஓர் அண்ணனுக்கு வேலை போயிற்று. வேலை பார்த்த இடத்தில் திருடன் என்ற பெயர் வாங்கி அவர் ஊருக்குத் திரும்பினார். சின்னப் பையன், வாய் தவறிவிட்டது என்று பல வருடங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. முதல் பொய் வாய் தவறி வந்தது. இரண்டாவது பொய்யைத் தெரிந்தேதான் சொன்னேன்.

பள்ளியில் ஒன்றாகப் படித்த நாம் எல்லோரும் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டோம். ஆளுக்கொரு சின்ன வயது நினைவை எழுதலாம் என்று நீங்கள் கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் வெள்ளை வண்டி உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டு விழாவுக்கு நாற்காலிகளையும், போட்டிகளுக்கு உங்களையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி. அது எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

கொரோனா ஓய்ந்து பள்ளிகள் திறந்து, முகக்கவசங்கள் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்த காலம் அது. பென்னலூரில் எங்கள் வீடு. கீழே நாங்கள். மாடியில் தகரக் கூரை போட்ட அறைகள். எல்லாவற்றிலும் கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள். வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் சமையல் கொட்டகை. இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு விடுதிகளுக்கு எங்கள் கொட்டகையிலிருந்துதான் சாப்பாடு போகும். அப்பா அதை வாடகை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். மூன்று சக்கர வண்டி. பெங்களூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று கடந்து போனால் அந்தக் காற்றுக்கே ஒரு பக்கம் சாயும். விடுமுறை நாட்களில் நான் பின்னால் உட்கார்ந்து சாம்பார் அண்டாவை இரண்டு கால்களாலும் அணைத்துக்கொண்டு போவேன். சூடு கால்சட்டை வழியாக ஏறும். இறங்கும்போது தொடை சிவந்திருக்கும். மேலெல்லாம் பெருங்காய வாசனை.

அந்த வருடம் புதிதாக ஒரு பெண்கள் விடுதி திறக்கப்போவதாகச் சொன்னார்கள். போன் பாகங்கள் செய்கிற கம்பெனியின் பெண்களுக்கானது. சாப்பாடு எங்களுக்கே என்று வாய்ப்பேச்சாக முடிவாகியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆடி பிறந்ததும் விடுதி திறக்கும். அன்றே நான்கு சக்கர வண்டியில், மூடிய பெட்டியில் சாப்பாடு வந்து சேர வேண்டும். லோடு ஆட்டோ உதவாது.

ஆகவே சித்திரையில் அப்பா வண்டிக்கு முன்பதிவு செய்தார். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அந்த அளவு வண்டிக்கு நம் பக்கத்தில் குட்டியானை என்றுதான் பெயர். ஷோரூமில் ஏசி குளிர் முழங்கை வரை ஏறியது. நீல கோட்டு போட்ட அக்கா ஒருத்தர், என்ன கலர் வேண்டும் என்று கேட்டார்.

"வெள்ள" என்றார் அப்பா.

"வெள்ளயில கொழம்புக் கறை அப்டியே தெரியும்யா" என்றாள் அம்மா.

"தெரிஞ்சாத்தான தொடைப்ப."

கோட்டு அக்கா சிரித்துவிட்டார். ஆறு வாரம், அதிகம் போனால் எட்டு வாரம் ஆகும் என்றார். எனக்கு வண்டியின் படம் போட்ட வழவழப்பான தாள் ஒன்று கொடுத்தார். அதை மடித்து மடித்து, மடிப்பில் வண்டியின் கதவு அழிந்துபோகும்வரை சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

வண்டி நிறுத்த வாசலில் இடம் செய்தார்கள். முருங்கை மரத்தை வெட்டி, மண்ணை மட்டம் செய்து, ஜல்லி கொட்டினார்கள். வைகாசி போயிற்று. ஆனி பிறந்தது. வண்டி வரவில்லை. ஜல்லிமேல் பக்கத்து வீட்டு நாய் படுத்துத் தூங்கியது. அப்பா ஒவ்வொரு முறையும் அதை விரட்டுவார். அது எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே படுக்கும்.

ஆனி முடிந்தால் ஆடி. ஆடியில் நம் பக்கத்தில் யாரும் புது வண்டி எடுக்கமாட்டார்கள். ஷோரூம்காரர்கள் தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள். ஆனிக்குள் வந்தால் உண்டு, இல்லையென்றால் ஆவணிதான். விடுதி ஆவணி வரை காத்திருக்காது. மணிமங்கலத்துச் சமையல்காரர் ஒருவர் அந்தச் சாப்பாட்டு ஆர்டர்மேல் கண் வைத்திருந்தார். "ஆடிலதான் எடேன், இன்னாவாம்?" என்று அம்மாவே ஒருநாள் கேட்டாள். "மொத மொத வாங்குற வண்டிடி" என்றார் அப்பா. அதற்கு மேல் பேச்சில்லை.

பள்ளியில் நான் தினமும் "நாளைக்கு வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "யானைக்குப் பேறுகாலமே ரெண்டு வருசம்டா. பொறுமையா இரு." வகுப்பே சிரிக்கும். அதைச் சொன்னவர் இதையும் படித்துக்கொண்டிருப்பார். எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் எதையும் பெரிதாக்கிச் சொல்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வண்டியில் டிவி இருக்கும் என்றேன். எங்கள் வண்டிக்கு மட்டும் ஆறு சக்கரம் என்றுகூட ஒருமுறை சொன்னேன்.

வீட்டில் என்னைக் கிண்டல் செய்யாத ஒரே ஆள் மாடி அண்ணன்தான்.

அவர் தெற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். ஒரகடத்தில் சின்ன லாரிகளின் பின்சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸில் செய்கிற கம்பெனியில் பயிற்சியாளராக இருந்தார். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சட்டையில் எண்ணெய் வாசனையும் பஸ் சீட்டின் ரெக்சின் வாசனையும் சேர்ந்து வரும். குளித்துவிட்டு மொட்டை மாடிக்கு வருவார். இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நெடுஞ்சாலையைப் பார்ப்போம். நீளமான டிரெய்லர்கள் புது வண்டிகளை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும்.

"ஒங்க வண்டி எதுல வருதோ, அதுக்கு அடியில நான் போட்ட கோடு இருக்கும் டே, பாத்துக்கோ" என்பார்.

"எப்டிண்ணா தெரியும்?"

"அந்த வண்டிக்கு ஆக்ஸில் எங்க கம்பெனிதான்லா. ஏ ஷிப்டுல வந்தா என் கோடு. பி ஷிப்டுல வந்தா ஒங்க தலையெழுத்து."

அவருடைய வேலை, முறுக்கின நட்டுகளைச் சோதித்து, நட்டின்மேல் ஆரம்பித்துத் தகட்டில் முடிகிற மாதிரி மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போடுவது. பின்னால் நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த மார்க்கர் வேண்டும் என்று ஆசை. குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு கடகடவென்று ஓடும், எழுதினால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்று அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு வருத்தப்பட்டிருப்பார், நான் விடவில்லை.

"வெளிய கொண்டுவரக் கூடாது டே. பழசக் குடுத்தாத்தான் ஸ்டோர்ல புதுசு தருவான். நான் எங்கேருந்து பழசக் குடுக்க?"

"ஒண்ணே ஒண்ணுண்ணா."

"சும்மா கெட."

பத்து நாளாவது கேட்டிருப்பேன். சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். ஒருநாள் வேலையிலிருந்து வந்து, காலுறையிலிருந்து ஒரு மார்க்கரை உருவி என் கையில் வைத்தார். முக்கால்வாசி தீர்ந்தது. ஸ்கிராப் தொட்டியில் விழுந்துவிட்டது என்று ஸ்டோரில் சொல்லிவிட்டாராம். "இத வச்சு ஆயுசுக்கும் எழுது. இனிமே கேட்டேன்னு வையி, கொன்னுபோடுவேன்" என்று சிரித்தார்.

அவருக்கு அப்போது பயிற்சிக் காலம் முடியப் போகிறது. அவருடன் சேர்ந்தவர்களில் சிலரை மட்டும்தான் ஆடியில் நிரந்தரமாக்குவார்கள். தன் பெயர் அதில் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அம்மா இல்லாத பிள்ளை அவர், அக்காதான் வளர்த்தவர். "அக்காட்ட சொல்லிட்டேன். பெர்மனென்ட் ஆயிட்டா அப்புறம் அவ காட்டு வேலைக்குப் போக வேண்டாம்னு" என்று ஒருநாள் மாடியில் சொன்னார். சொன்னதும், கண் பட்டுவிடக் கூடாது என்று, சுவரோரம் கிடந்த மரக்கட்டையைத் தொட்டுக்கொண்டார். நாங்கள் வண்டிக்குக் காத்திருந்தோம். அவர் இதற்குக் காத்திருந்தார்.

மார்க்கரால் நான் முதலில் எழுதியது அம்மாவின் அண்டா மூடிகளில். எந்த விடுதிக்கு எது என்று தெரிவதற்காக ஒன்று, இரண்டு என்று பெரிதாக எழுதினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்மாவுக்கு மகிழ்ச்சி.

ஆனிக் கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் பெரியப்பா மகன். கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்புகிற தொழில் அவருக்கு. அண்ணன் வேலை செய்த கம்பெனியிலும் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். அப்பா உட்காரவில்லை.

"ஆடி பொறக்க இன்னும் நாலு நாள்கூட இல்ல மச்சான். வண்டி வர்ல. இன்னா பண்றதுன்னே தெரில."

"நான் கீறன்ல மாப்ள? அந்த ஷோரூம் மேனேஜரு நம்ம பையன். ஒரு போன் போட்டா அடுத்த லோடுல உன் வண்டி வந்து நிக்கும். இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

அப்பாவின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். அப்போதுதான் மாமாவின் கண் கழுவிக் கவிழ்த்திருந்த மூடிகள்மேல் விழுந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"இது ஏதுடா?"

"பெயின்ட் மார்க்கர் மாமா. மாடி அண்ணன் குட்த்தாரு."

"அந்தத் தெக்கத்திப் பையனா? எட்த்தா பாப்போம்."

நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவர் குலுக்கிப் பார்த்தார். "தீந்துபோன பேனா ஒண்ணு. இத்த குட்த்துட்டு உன்ன ஏமாத்திக்கீறான்" என்று சிரித்தார். வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு மாதிரி இருந்தது எனக்கு.

"ஒண்ணு இல்ல மாமா. ரூம்ல ஒரு டப்பா நெறைய வெச்சிக்கினு கீறாரு. கேட்டா இன்னும் தருவாரு."

இதுதான் நான் சொன்ன வாக்கியம். ஆறு சக்கரம் என்று சொன்னதைவிட எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கேட்டியா மாப்ள? ஸ்டோர்ல மார்க்கர் காணோம், கிளவுஸ் காணோம்னு என் ஆளுங்களதான் டெய்லி நோண்டிக்கினு கீறானுங்க. கேட்ல சட்டய அவுத்துப் பாக்கறானுங்க. நாளிக்கு பர்மனென்ட் ஆவப்போற சாரு இங்க டப்பா டப்பாவா வெச்சிக்கினு கீறாரு."

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது. கேட்டில் சட்டையைக் கழற்றி நின்றவர்கள் அவரை நம்பி வேலைக்குப் போன ஏழைப் பையன்கள்.

"சின்னப் பையன் மச்சான். எதுனா உளறுவான்" என்றார் அப்பா.

"சின்னப் பசங்கதான் மாப்ள உண்மைய சொல்லும். மாத்து சாவி கீதா? ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்லாம்."

அன்று ஞாயிறானாலும் அண்ணனுக்கு ஷிப்ட் இருந்தது. அப்பா சற்று நேரம் மூடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். வாடகைக்கு இருப்பவர் இல்லாத நேரத்தில் அப்பா ஓர் அறையைத் திறந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இறங்கி வந்தபோது மாமாவின் கையில் ஒரு ஜோடி நூல் கையுறை இருந்தது. டப்பா எதுவும் இல்லை. "வித்திருப்பான்" என்றார். "இதோ கிளவுஸ் கீது பாரு."

"அத்த போட்டுக்கினுதான மச்சான் வேல செய்றாங்க" என்றார் அப்பா. அண்ணனுக்காக அவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

மாமா போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "டப்பாவ நீ பாத்தியாடா?"

நான் கவிழ்த்திருந்த மூடி ஒன்றை நிமிர்த்தி வைத்தேன்.

"பாத்தியா, இல்லியா?"

"இல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இப்பவே போன் போட்டு எங்க அண்ணாகிட்ட சொல்லுய்யா. அந்தப் புள்ள பொழப்பு."

"இப்ப சொன்னா என்னா நெனைப்பாரு? நம்பள பொய்காரனாக்கிட்டான்னு கோச்சிக்குவாரு. வண்டி வந்துரட்டும். வந்த அன்னிக்கே நான் நேர்ல போயி சொல்லிக்கிறேன். ரெண்டு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?" என்றார் அப்பா. என்னிடம் திரும்பி, "வாய மூடிக்கினு இரு" என்றார்.

அப்பா கெட்டவரல்ல. கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்தார், மரத்தை வெட்டியிருந்தார், விடுதிக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு நாள் தள்ளிச் சொன்னாலும் உண்மை உண்மையாகத்தானே இருக்கும் என்று நினைத்தார்.

மாமா சொன்னதன்பேரில் அடுத்த நாளே கம்பெனியில் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். டப்பா டப்பாவாக எடுத்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, ஒன்றுதான், அதுவும் தீர்ந்தது என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். ஸ்கிராப் தொட்டியில் விழுந்தது என்று ஸ்டோரில் சொன்னது அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஒன்றில் பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் சொல்லியிருப்பான் என்றார்களாம். இதையெல்லாம் அவருடைய அறைத் தோழர் பிறகு அம்மாவிடம் சொன்னார்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது வெயில் நேரத்தில் அவர் செருப்பு படியில் கிடந்தது. அந்த நேரத்தில் அது அங்கே இருக்கக் கூடாது. மேலே போனேன். ஒரு வாளிக்குள் தட்டு, டம்ளர், சோப்புப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தார். சீருடையை மடித்துத் தனியே வைத்திருந்தார்; அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"வா டே" என்றார். வழக்கமான குரல்தான். தட்டை வாளிக்குள் அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "டப்பா நெறைய வச்சிருக்கேன்னு நீயா சொன்னே?"

"நான் சொல்லலண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். "சரி" என்றார். வாளியின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார்; கனம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அப்போதுகூட நான் கீழே ஓடி, அம்மாவை இழுத்துக்கொண்டு கம்பெனி கேட் வரைக்கும் போயிருக்கலாம். ஒரு பதினொரு வயதுப் பையன் நான்தான் பொய் சொன்னேன் என்று அழுதால் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்காமலும் போயிருக்கலாம். நான் போகவில்லை. வண்டி வராமல் போய்விடும் என்று பயந்தேன். பயத்தைவிட ஆசை என்று சொல்வதுதான் சரி.

அம்மா அவரைச் சாப்பிடச் சொன்னாள். வேண்டாங்க்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். அம்மா இலையில் சோறு கட்டிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டார். "அண்ணன்ட்ட சொல்லிருங்க. வண்டி வந்தா நல்லா ஓடட்டும்" என்றார். அப்பா அப்போது ஷோரூமுக்குப் போயிருந்தார்.

வண்டி ஆனி மாதக் கடைசி நாளில் வந்தது.

ஷோரூம் வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரப் புகையோடு புது டயரின் வாசனை கலந்து வந்தது. படம் எடுப்பதற்காக ஆள் உயர அட்டைச் சாவி ஒன்று வைத்திருந்தார்கள். அதன் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார், இன்னொரு முனையை மாமா பிடித்துக்கொண்டார். நான் நடுவில். அந்தப் படம் வெகுகாலம் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"ரொம்ப தேங்க்ஸ்மா. மச்சான் போன் பண்ணதாலதான் டைமுக்கு வந்துச்சு" என்றார் அப்பா, கோட்டு அக்காவிடம்.

அவர் விழித்தார். "போனா? உங்க வண்டி போன வெள்ளிக்கிழமையே யார்டுக்கு வந்துடுச்சே சார். ரிஜிஸ்ட்ரேஷனுக்குத்தான் லேட்டு. புக்கிங் வரிசைப்படிதான் சார் எல்லாருக்கும் குடுக்குறோம்."

மாமா அப்போது மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. அப்பாவின் காதில் விழுந்தது. மாமா எங்கள் கொட்டகையில் டீ குடித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. யாரிடமும் எதையும் மறைத்திருக்க வேண்டியதில்லை.

வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். சீட்டுகள்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தது; அசையும்போதெல்லாம் சத்தம் போட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலமே அப்பா மாமா வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஒண்ணு எட்த்தான்ல, அவனே ஒத்துக்கினான்லன்றாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விடுதிச் சாப்பாடு எங்களுக்குக் கிடைத்தது. பிறகு இன்னொரு விடுதி, அதன்பின் இன்னொரு வண்டி. அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் பொறியியல் படித்தேன். ஒரு கம்பெனியில் சேர்ந்து, பயிற்சியாளர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்கிற மேசைக்கு இந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தேன். சிறு திருட்டு என்று ஒருவன் பெயர் வந்தால் மற்றவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அவனுக்காக வாதாடுவேன். அது பரிகாரம் ஆகாது என்று எனக்கே தெரியும். யாருக்குச் செலுத்த வேண்டுமோ அவருக்குச் செலுத்தவில்லை.

அம்மா இறப்பதற்குச் சில நாள் முன்பு, "அந்தப் புள்ள எங்க கீதோ" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் கிளம்பிப் போனேன். ஊர்ப் பெயரை மறக்க வழியில்லை. மொட்டை மாடியில் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்: எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், வாய்க்காலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுவரை.

அண்ணன் வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்து, முன்பற்கள் போயிருந்தன. நான் பென்னலூர் என்றதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"வண்டி வந்துட்டா டே?" என்றார்.

அவருக்கு அதுகூடத் தெரியாது. வந்தது அண்ணா என்றேன். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா, டப்பா, அப்பா திறந்த கதவு, மாடியில் நான் சொன்ன இரண்டாவது பொய். அவர் இடையில் எழுந்துபோய் மடை மாற்றிவிட்டு வந்தார்.

"நீதான்னு அன்னைக்கே தெரியும்லா. ஒன் மூஞ்சியே சொல்லிட்டு" என்றார். "நான் எடுத்தது ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும். அதுபோதும். எங்க அக்காவுக்குத்தான் தெரியாது. கம்பெனிலேருந்து அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டானுவ. ஊருக்கு அவ ஒண்ணும் சொல்லல. நெஞ்சுல சீக்கு, அதான் வந்துட்டான்னு சொல்லி மூடிட்டா. ஆனா நான் அவ வீட்டுக்குப் போனேன்னு வையி, இன்னைக்கும் பீரோ சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்கிடுவா. தெரிஞ்சு செய்யல. கை தானாப் போவுது." காலில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டுச் சொன்னார்: "அவகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போ டே. வேற ஒண்ணும் வேண்டாம்."

போய்ச் சொன்னேன். எண்பதை நெருங்கிய அம்மாள். கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையைக் காதுக்கு வைத்துக் கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும் அண்ணனைப் பார்த்து, "ஏன்ல எங்கிட்ட சொல்லல?" என்றார். "சொன்னேன். நீ நம்பலேல்லா" என்றார் அவர். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். அண்ணன் என்னோடு வாசல்வரை வந்து, தோளில் கை வைத்து அழுத்தினார். அதோடு நான் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் நான்கைந்து பேர். "சாருக்கு எந்த ஊரு? யாரப் பாக்க வந்திய?" என்று ஒருவர் கேட்டார். மனம் அவ்வளவு லேசாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதருக்கு நான் இப்படிச் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். என்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டேன். அவரை உயர்த்தித்தான் பேசினேன். கம்பெனி, மார்க்கர், விசாரணை எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் டீ ஆறும்வரை கேட்டார்கள்.

"அப்போ நெஞ்சுல சீக்குன்னது?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அண்ணனின் அக்கா போனில் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை. "நீங்க எங்கிட்ட சொன்னதுக்கு ஒங்களக் கும்பிடுதேன். எந்தம்பிய இத்தன வருசம் கள்ளனா நெனச்ச பாவத்த இனி நான் கழிச்சிக்கிடுதேன். ஆனா அந்தக் கடையில ஏன்யா சொன்னிய? கேட்டவன் சொன்னது ஒண்ணு, அத வாங்கினவன் சொல்லுதது ஒண்ணு. களவுக்காக வெரட்டினாங்களாமேன்னு சின்னப் பயலுவ கேக்கானுவ. நெஞ்சுல சீக்குன்னு மூடி வச்சது பொய்தான், எனக்கே தெரியும். அதுலதான் அவன் தலை நிமிந்து நடந்தான்."

நான் மறுபடி வந்து அவர்களிடமே விளக்கிச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம்யா. நீங்க வரவே வேண்டாம். அவன் இப்ப கடைத் தெருவுக்கே போறதில்ல. தோட்டம், விட்டா எங்க வீடு. ராத்திரிச் சாப்பாடு இங்கதான். அதுமட்டும் நல்லதாப் போச்சுன்னு நெனச்சிக்கிடுதேன்" என்றார்.

நான் போகவில்லை. இந்தக் குறிப்பில் அவர் பெயரையும் ஊரையும் அந்தக் கம்பெனியையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அப்போது பென்னலூரில் இருந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும். தெரிந்தாலும் இங்கே எழுத வேண்டாம். தேடிக்கொண்டும் போக வேண்டாம்.